காலி என்னும் சொல்: ஒரு பழைய மகிழுந்தின் எரிபொருள் கலன் கற்பித்த மொழிப்பாடம்



இம்மேடையில் எனக்கு முன் உரையாற்றிய அறிஞர்கள் இலக்கணத்தையும் இலக்கியத்தையும் பற்றி விரிவாகப் பேசியிருக்கின்றனர். நான் பட்டறையிலிருந்து வருகின்றவன். தொழிற்பயிற்சி ஆசிரியனாகப் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆதலால் என் உரையில் பெட்ரோல் நெடி வீசினால் பொறுத்தருள வேண்டுகிறேன். பழைய மகிழுந்து ஒன்றின் எரிபொருள் கலனுக்குள் மின்பம்பு பொருத்திய கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். மொழி மன்றத்தில் பம்புக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். அந்த வேலையைச் செய்தபோது மூன்று சொற்கள் எங்களைத் தடுமாறச் செய்தன. அவற்றுள் ஒன்று என் மாணவன் ஒருவனின் முகத்தைத் தீய்த்திருக்கும். அச்சொல்லைச் சொன்னவன் நானே. அதனால்தான் இக்கதையை மொழி பயிற்றும் ஆசிரியர்கள் முன் வைக்க விழைகிறேன்.

பழைய வண்டி, புதிய தேவை

எங்கள் பயிற்சிப் பட்டறைக்கு நண்பர் ஒருவர் தம் மகிழுந்தைக் கொண்டு வந்தார். அது 1966ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் வகை மகிழுந்து. இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை இவ்வகை வண்டிகள் ஐந்து இலட்சத்துக்கும் மேல் உருவாயின. 1798 கன சென்டிமீட்டர் இயந்திரம், ஏறத்தாழ 95 குதிரைத்திறன், இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்கள். பெட்ரோலை முன்னே அனுப்புவதற்குப் பின்சக்கரத்தின் அருகே ஓர் எஸ்.யு. மின்பம்பு. அதனுள்ளே ஒரு மின்காந்தம் மென்தகடு ஒன்றை இழுத்து விடும். சாவியைத் திருப்பியதும் ‘டிக், டிக்’ என்னும் ஓசை கேட்கும். உள்ளிருக்கும் தொடுமுனைகள் கருகிப்போனால் ஓசை நின்றுவிடும், வண்டியும் நின்றுவிடும். அப்போது ஓட்டுநர் கீழே இறங்கிப் பம்பின் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் மீண்டும் உயிர் வரும். எம்.ஜி.பி. வைத்திருப்போர் உலகெங்கும் அறிந்த வைத்தியம் இது.

நண்பர் கார்புரேட்டர்களை அகற்றிவிட்டு, கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் பீச்சுமுறையைப் பொருத்த விரும்பினார். கார்புரேட்டருக்கு ஏறத்தாழ 0.2 பார் அழுத்தம் போதும். பீச்சுமுறைக்கோ ஏறத்தாழ 3 பார் வேண்டும். பதினைந்து மடங்கு மிகுதி. பழைய பம்பால் அது இயலாது. புதிய பம்பை எங்கே வைப்பது என்னும் வினா எழுந்தது. பழைய இடத்திலேயே, வண்டியின் அடியில், வெளியே வைக்கலாம் என்றனர் மாணவர் சிலர். அங்கேதான் முதற்சொல் எங்களை இடறியது.

இழுப்பதா, தள்ளுவதா?

“பம்பு என்ன செய்கிறது?” என்று கேட்டேன். “பெட்ரோலை இழுக்கிறது, ஐயா” என்றான் ஒருவன். ஏறக்குறைய எல்லாரும் தலையசைத்தனர். உறிஞ்சுகுழாயில் பழரசம் பருகிப் பழகிய நமக்கு அது இயல்பான சொல்லே.

ஆயினும் நீர்மத்தை எதுவும் இழுப்பதில்லை. பம்பு தன் வாயிலில் அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் நீர்மத்தை அந்த வெற்றிடத்தை நோக்கித் தள்ளுகிறது. தள்ளுவது காற்று. காற்றின் வலிமைக்கோ எல்லை உண்டு. கிணற்றுக்கு மேலே வைத்த பம்பு ஏறத்தாழ 10 மீட்டருக்குக் கீழுள்ள நீரை எவ்வளவு முயன்றாலும் மேலே கொண்டு வராது. ஆழ்குழாய்க் கிணறுகளில் மோட்டாரை நீருக்குள்ளேயே இறக்குவது இதனால்தான். உழவர்கள் அதனை நீர்மூழ்கி மோட்டார் என்கின்றனர். நம் முன்னோரின் ஏற்றத்திலும் சால் நீருக்குள் இறங்கி, நிறைந்து, பிறகே மேலே வந்தது. நீர் இருக்குமிடத்துக்குக் கருவி சென்றது. ‘இறைத்தல்’ என்னும் நம் பழைய சொல்லில் உறிஞ்சுதல் இல்லை என்பதை மாணவர்களுக்கு அன்று எடுத்துக் காட்டினேன்.

பெட்ரோலில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. அழுத்தம் குறைந்தால் நீர்மம் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். கேமரன் மலையில் நீர் 100 பாகைக்கு முன்னரே, ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். பெட்ரோலோ பல பொருள்களின் கலவை. அதன் மெல்லிய பகுதிகள் சாதாரண அழுத்தத்திலேயே 35, 40 பாகை அளவில் கொதிக்கத் தொடங்குகின்றன. நம் நாட்டு நண்பகலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 50 பாகையைத் தாண்டும். அந்தச் சூட்டுக்கு மேலே தொங்கும் பம்பு, தன் வாயிலில் அழுத்தத்தையும் குறைத்தால், குழாயில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழிகள் தோன்றும். நீர்மத்தைத் தள்ளுவதற்கென அமைந்த பம்பு ஆவியைத் தள்ள மாட்டாது. சாலைச் சந்திப்பில் வண்டி இருமி நின்றுவிடும். ஆவியடைப்பு என்பது இதுதான்.

பம்பைக் கலனுக்குள் பெட்ரோலில் மூழ்க வைத்தால் இத்துன்பம் பெரிதும் நீங்கும். அதன் வாயிலுக்குப் பெட்ரோல் தானே வந்து சேரும். அங்கிருந்து இயந்திரம் வரை உள்ள நெடுங்குழாய் முழுவதும் உயர்ந்த அழுத்தத்தில் இருக்கும். உயர்ந்த அழுத்தத்தில் பெட்ரோல் எளிதில் கொதிக்காது. பம்பின் சூட்டைச் சுற்றியுள்ள பெட்ரோலே தணிக்கும். அதன் இரைச்சலும் அடங்கும். ‘இழுக்கிறது’ என்னும் சொல்லை நம்பியவர்கள் பம்பை இயந்திரத்துக்கு அருகில் வைக்க எண்ணுவர். ‘தள்ளுகிறது’ என்று உணர்ந்தவர்கள் கலனுக்குள் வைப்பர். கை எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லே முடிவு செய்கிறது.

‘மின்பம்பைப் பெட்ரோலுக்குள் வைத்தால் தீப்பிடிக்காதா?’ என்று நீங்கள் கேட்பீர்கள். மாணவர்களும் கேட்டனர். அம்மோட்டாரினுள் கரித்தூரிகைகள் உரசிச் சிறு பொறிகள் எழுவது உண்மையே. ஆனால் பெட்ரோல் நீர்மத்துக்குள் தீயை வளர்க்கும் அளவுக்கு உயிர்வளி இல்லை. மேலே தேங்கிய ஆவியின் நிலை என்ன? காற்றில் பெட்ரோல் ஆவி கன அளவில் ஏறத்தாழ 1.4 விழுக்காட்டுக்கும் 7.6 விழுக்காட்டுக்கும் இடைப்பட்டிருந்தால்தான் தீப்பற்றும். குறைந்தாலும் பற்றாது, மிகுந்தாலும் பற்றாது. நம் வெப்பத்தில் பெட்ரோல் உள்ள கலனின் மேற்பகுதியில் ஆவி அந்த மேல்வரம்பைக் கடந்து மிகுந்திருக்கும். ஆதலால் அங்கே தீப்பற்றுவதில்லை.

இவ்விரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சொல்லுக்கு அவையே திறவுகோல்.

காலி

எம்.ஜி.பி.யின் கலன் பின்பெட்டித் தளத்துக்கு அடியில் தொங்குகிறது. பம்பை உள்ளே இறக்கக் கலனின் மேற்புறத்தில் வட்டமான துளை வேண்டும். அதற்குக் கலனைக் கீழிறக்கியாக வேண்டும். மாணவர்கள் பெட்ரோலை வடித்தனர், குழாய்களைக் கழற்றினர், கலனை இறக்கி மேசைமேல் வைத்தனர். நான் அதனைத் தூக்கிப் பார்த்தேன். எடை இல்லை. குலுக்கிப் பார்த்தேன். ஓசை இல்லை. “காலி. இனி வெட்டலாம்” என்றேன்.

ஒருவன் வெட்டு எந்திரத்தைக் கையில் எடுத்துவிட்டான். சுழலும் வட்டத்தகட்டால் இரும்பை அறுக்கும் கருவி அது. தீப்பொறி மழையாகக் கொட்டும். அப்போது பின்னால் நின்ற மாணவன் ஒருவன், வகுப்பில் அதிகம் பேசாதவன், மெல்லக் கேட்டான்: “ஐயா, காலின்னு சொன்னீங்க. ஆனா இன்னும் வாடை வருதே?”

அவ்வளவுதான். என் கைகால்கள் குளிர்ந்துவிட்டன. எந்திரத்தின் மின்செருகியைப் பிடுங்கினேன். அனைவரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவுகளைத் திறந்தேன்.

வாடை வருகிறது என்றால் ஆவி இருக்கிறது என்று பொருள். வடித்த கலனின் சுவரிலும் மடிப்புகளிலும் ஒட்டியிருக்கும் சில துளிகள் போதும். அவை ஆவியாகிக் கொண்டிருக்கையில் வாய் வழியே காற்று உள்ளே புகும். நிறைந்த கலனில் தீப்பற்றாத அளவுக்கு மிகுந்திருந்த ஆவி, இப்போது காற்றோடு கலந்து, 7.6 விழுக்காட்டுக்குக் கீழே, தீப்பற்றும் அளவுக்குள் இறங்கி வரும். பெட்ரோல் நிறைந்த கலனைக் காட்டிலும் வடித்த கலனே கொடியது. நான் ‘காலி’ என்று அறிவித்த அந்நேரத்தில்தான் அது வெடிக்கத் தகுந்த நிலையில் இருந்தது.

இதனை மொழியோடு இணைத்து முன்னரே எழுதியவர் ஒருவர் உண்டு. அவர் பெஞ்சமின் லீ வோர்ஃப். மொழியியல் படித்த மாணவர்கள் அப்பெயரை அறிவர். சொல்லும் இலக்கணமும் சிந்தனையை வடிவமைக்கின்றன என்னும் கருத்தோடு அவர் பெயர் பிணைந்துள்ளது. அவர் வேதிப்பொறியியல் படித்தவர் என்பதும், அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில் தீக்காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் தீத்தடுப்பு ஆய்வாளராக வாழ்நாளெல்லாம் பணிபுரிந்தார் என்பதும் பலருக்குத் தெரியாது. 1941இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் அவர் தம் பணியில் கண்டதைக் குறித்தார். பெட்ரோல் நிறைந்த உருளைகளின் அருகே தொழிலாளர்கள் விழிப்பாக நடந்துகொண்டனர். ‘காலி’ உருளைகளின் அருகிலோ கவலையின்றிப் புகைத்தனர். ‘காலி’ என்னும் சொல்லுக்கு இரு பொருள். உரிய பண்டம் தீர்ந்துவிட்டது என்பது ஒன்று. உள்ளே எதுவுமே இல்லை, அஞ்ச வேண்டியதில்லை என்பது மற்றொன்று. முதற்பொருளில் சொன்னதைத் தொழிலாளர்கள் இரண்டாம் பொருளில் வாழ்ந்துவிட்டனர்.

வோர்ஃபின் பெருங்கருத்துகளைப் பிற்கால மொழியியலார் பலர் மறுத்துள்ளனர். மொழி நம் சிந்தனையைச் சிறைப்படுத்துகிறது என்று நானும் கூற வரவில்லை. அப்படிச் சிறைப்படுத்தியிருந்தால் அம்மாணவன் அந்த வினாவைக் கேட்டிருக்க மாட்டான். அவன் மூக்கு என் சொல்லை நம்பவில்லை. ஆயினும் மற்றவர்கள் நம்பினர். ஆசிரியன் சொன்ன சொல் என்பதால் நம்பினர்.

நம் நாட்டில் இதை விளக்குவது எளிது. உணவுக்கடையில் ‘தே ஓ கோசோங்’ கேட்கிறோம். ‘கோசோங்’ என்றால் மலாயில் காலி. பூச்சியத்துக்கும் அதுவே சொல். கடைக்காரர் காலிக் குவளையையா கொண்டு வருகிறார்? தேநீர் வருகிறது. பாலும் இனிப்பும் மட்டும் இல்லை. ‘ரொட்டி கோசோங்’ கேட்டால் ரொட்டி வருகிறது. கடையில் ‘கோசோங்’ என்றால் எது இல்லை, எது இருக்கிறது என்பது நமக்கு நன்றாகத் தெரியும். பட்டறையிலும் அவ்வாறே கேட்கப் பழக வேண்டும். எது காலி? நீர்மம் காலி. ஆவி காலியா?

அன்று மாலை அந்தக் கலன்மேல் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்தோம்: ‘வடித்தது. ஆவி உண்டு.’ நான்கு சொற்கள்கூட இல்லை. ஆனால் அவற்றைப் படித்தவன் வெட்டு எந்திரத்தை எடுக்க மாட்டான். மறுநாள் கலனைக் கலன் செப்பனிடும் தொழில் அறிந்தவர்களிடம் அனுப்பினோம். அவர்கள் நீராவியால் கழுவி, ஆவி அளக்கும் கருவியால் சோதித்து, அதன் பின்னரே வெட்டி, பம்பைத் தாங்கும் வளையத்தைப் பற்றவைத்துத் தந்தனர். வீட்டில் எவரும் செய்யத் தகாத வேலை அது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளங்களில் தேங்கும். கதவைத் திறந்தால் மட்டும் போய்விடாது.

எர்த் என்பது எது?

கலன் திரும்பி வந்ததும் மின்வேலை. 1966ஆம் ஆண்டு எம்.ஜி.பி.யில் மின்கலத்தின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். 1967இன் இறுதியில் வந்த இரண்டாம் வடிவத்திலிருந்துதான் எதிர்முனை உடலோடு இணைந்தது. இக்காலக் கருவிகள் எல்லாம் எதிர்முனை இணைப்பையே எதிர்பார்க்கின்றன. கவனியாமல் இணைத்தால் பம்பு தலைகீழாகச் சுழலும், கட்டுப்பாட்டுக் கணினி கருகும்.

இங்கே இடறிய சொல் ‘எர்த்’. பாடநூல் தமிழில் ‘புவியிணைப்பு’. “எர்த் எப்போதும் நெகட்டிவ்தானே, ஐயா?” என்றான் ஒருவன். மகிழுந்து ரப்பர்ச் சக்கரங்களின்மேல் நிற்கிறது. அதற்கும் புவிக்கும் என்ன இணைப்பு? மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழியாக வண்டியின் இரும்புடலைப் பயன்படுத்துகிறோம். அவ்வளவே. நாங்கள் அதனை ‘உடலிணைப்பு’ என்று அழைத்தோம். பெயர் மாறியதும், ‘உடலோடு எந்த முனை இணைந்திருக்கிறது?’ என்னும் வினா தானாக எழுந்தது. ‘புவி’ என்றவரை எழாத வினா அது. பிறகு மின்கல இணைப்பை மாற்றினோம். பழைய மின்னாக்கியைப் புதிய முனைக்கேற்பக் காந்தமூட்டினோம். சுழற்சிமானியையும் திருத்தினோம்.

எஞ்சிய வேலைகளை விரைந்து கூறுகிறேன். பம்பின் அளவைக் கணக்கிட்டோம். 95 குதிரைத்திறனுக்கு, முழுவிசையில், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 30 லிட்டர் பெட்ரோல் போதும். 255 லிட்டர் தள்ளும் பம்பைக் கடைக்காரர் பரிந்துரைத்தார். எஞ்சிய பெட்ரோல் இயந்திரச் சூட்டைச் சுமந்து மீண்டும் கலனுக்கே திரும்பும், கலன் சூடாகும். ஆதலால் சிறிய பம்பையே தேர்ந்தோம். அதனை ஒரு சிறு கிண்ணத்துக்குள் வைத்தோம். வளைவில் பெட்ரோல் ஒருபுறம் சாய்ந்தாலும் பம்பின் வாய் வறளாது.

கலனுக்குள் வைக்கும் இரப்பர்க் குழாய் தனிவகை. எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்10 என்று அதன்மேல் பொறித்திருக்கும். சாதாரண எரிபொருள் குழாயின் உட்புறம் மட்டுமே பெட்ரோலைத் தாங்கும். மூழ்கிய குழாய்க்கு வெளிப்புறமும் தாங்க வேண்டும். ‘எரிபொருள் குழாய்’ என்று மட்டும் கேட்டு வாங்கியவருக்குச் சில மாதங்களில் குழாய் ஊதிப் பிளக்கும். இதுவும் சொற்குறைவால் வரும் துன்பமே.

இறுதியாக, நிலைம விசை. 0.2 பார் அழுத்தத்தில் விரிசல் கண்ட குழாய் சொட்டும். 3 பார் அழுத்தத்தில் அதே விரிசல் புகைபோலச் சீறும். மோதல் நேர்ந்தால் பம்பு நின்றாக வேண்டும். மோதலின் அதிர்ச்சியில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் இவ்விசையின் விலை சிறிது. அதனைப் பொருத்தாமல் வண்டியை வெளியே விடலாகாது என்று மாணவர்களிடம் உறுதியாகக் கூறினேன்.

வண்டி ஓடியது. நண்பகல் நெரிசலிலும் நிற்கவில்லை.

சொல்லின் கடமை

ஆசிரியப் பெருமக்களே, எங்கள் பயிற்சிப் பள்ளியில் பாடம் மலாயில் நடந்தது. கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. பட்டறையில் தமிழ் மாணவர்கள் தமக்குள் பேசியது தமிழ். ஆபத்து நேரும்போது வாயில் வருவதும் தமிழே. அந்தத் தமிழை நாம் எவ்வளவு கூர்மையாக்கி வைத்திருக்கிறோம் என்பதே என் கவலை.

கலைச்சொல் என்றதும் அது தூய தமிழா, பிறமொழியா என்று வாதிடுகிறோம். அவ்வாதம் வேண்டியதே. ஆயினும் அதனோடு வேறொரு வினாவையும் கேளுங்கள். இச்சொல் அப்பொருள் செய்கின்ற வேலையைச் சரியாகச் சொல்கிறதா? ‘காலி’ என்பது பிறமொழியிலிருந்து வந்தது. நான் அதற்குப் பதிலாக ‘வெறுங்கலன்’ என்று நல்ல தமிழில் சொல்லியிருந்தாலும் அம்மாணவன் அதே எந்திரத்தைத்தான் எடுத்திருப்பான். ‘பம்பு’ ஆங்கிலம். ஆயினும் அது தள்ளுகிறது என்று அறிந்தவன் பிழை செய்வதில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு சிறு பயிற்சி. இன்று வீட்டுக்குச் சென்று, நீங்கள் அறிந்த ஒரு வேலையைத் தமிழில் படிப்படியாக எழுதுங்கள். மிதிவண்டிச் சக்கரத்தின் துளையை அடைப்பதாகவும் இருக்கலாம், அடுப்புக்கு எரிவாயுத் தோம்பை மாற்றுவதாகவும் இருக்கலாம். எழுதியதைத் தம்பி தங்கையரிடம் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்லாதீர்கள். பெரியவர் ஒருவரிடம் கொடுத்து, எந்தச் சொல்லில் கை தவறும் என்று கேளுங்கள். தோம்பு ‘காலி’ என்று எழுதியிருந்தால் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அடுப்பு அணைந்த பின்னும் அதனுள் எரிவாயு எஞ்சியிருக்கும். அதன் அடைப்பை மூட வேண்டும்.

ஆசிரியர் ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால், கேட்டுவிடுங்கள். பணிவாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். அன்று அந்த மாணவன் மரியாதை கருதி வாய் மூடி நின்றிருந்தால், இன்று உங்கள் முன் இவ்வாறு நின்று பேசும் துணிவு எனக்கு இருந்திராது.